பிக்கப் தொட்டிக்கு எந்த லைனர்? போடுவதற்கு முன் அடியில் பாருங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கினேன். பின்பக்கம் சரக்கு ஏற்றும் தொட்டியில் கறுப்பு பிளாஸ்டிக் லைனர், அதாவது தொட்டி கெடாமல் இருக்க உள்ளே போடும் உறை, கிடந்தது. மேலிருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை. விற்றவர், "வாங்கின நாள்ல இருந்து லைனரோடதான் ஓடுது, அடியில தொட்டி புதுசு மாதிரி இருக்கும்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவரும் ஒருநாளும் அதைத் தூக்கிப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்குரூக்களைக் கழற்றி, இரண்டு பேராகப் பிடித்து லைனரை வெளியே எடுத்தோம். அடியில் விரற்கடை உயரத்துக்கு ஈர மண் படிந்திருந்தது. லைனரின் மேடுகள் எங்கெல்லாம் தொட்டியைத் தொட்டனவோ, அங்கெல்லாம் பெயின்ட் கோடு கோடாகத் தேய்ந்து தகடு பளிச்சென்று தெரிந்தது. தண்ணீர் வடிவதற்காக முன்மூலையில் விட்டிருந்த துளையை மண் அடைத்துக்கொண்டு, சுற்றிலும் உள்ளங்கை அகலத்துக்குத் துரு ஏறியிருந்தது. ஸ்குரூ டிரைவர் முனையால் லேசாக அழுத்தினேன். மறுபக்கம் வெளியே வந்துவிட்டது.

அன்றிலிருந்து யார் லைனர் பற்றிக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன். லைனருக்கு மேல்பக்கம் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று. மேலே விழும் சரக்கை அது எப்படித் தாங்கும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். அடியில் தண்ணீரும் மண்ணும் புகுந்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் தொட்டி எத்தனை வருடம் நிற்கும் என்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது.

தொட்டி எதனால் கெடுகிறது

பெரும்பாலான பிக்கப்களின் தொட்டி எஃகுத் தகட்டை அழுத்தி வளைத்துச் செய்தது. தகட்டின் மேல் துத்தநாக முலாம், அதன் மேல் மின்முறையில் ஏற்றிய அடிப்பூச்சு, பிறகு பிரைமர், நிறப் பெயின்ட், கடைசியாகப் பளபளப்புக்கான கிளியர் கோட். கேட்க நிறைய அடுக்குகள் மாதிரி இருக்கிறது. பெயின்ட் அடுக்குகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் சுமார் 0.1 முதல் 0.15 மி.மீ. கனம்தான் வரும். கொஞ்சம் தடித்த தாள் ஒன்றின் கனம். இரும்புக் குழாயின் முனையோ மண்வெட்டியோ ஒருமுறை இழுபட்டால் போதும், தகடு வரைக்கும் போய்விடும்.

தகடு தெரிந்த உடனே துரு வந்துவிடாது. துத்தநாகம் இரும்புக்கு முன்னால் தான் கரைந்து, கொஞ்ச காலம் அதைக் காப்பாற்றும். அந்த முலாமும் தீர்ந்த பிறகு இரும்பு வெறுமனே நிற்கும். அப்போதும் மழை பெய்து, வடிந்து, வெயிலில் காய்ந்துபோகிற இடத்தில் துரு மெதுவாகத்தான் நகரும். நாள்கணக்கில் ஈரம் தங்குகிற இடத்தில்தான் அது வேகமாகத் தின்னும். ஈரத்தோடு உப்போ ரசாயன உரமோ கலந்துவிட்டால் இன்னும் வேகம். உரமூட்டை ஏற்றுகிறவர்கள், கடற்கரையோரம் ஓட்டுகிறவர்கள், பனிக்காலத்தில் சாலைக்கு உப்புத் தூவும் ஊர்களில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கீறல் ஒரு வகைச் சேதம் என்றால், நசுங்கல் வேறு வகை. கனமான பொருள் உயரத்திலிருந்து விழுந்தால் தகடு பள்ளமாகும், பள்ளத்தின் விளிம்பில் பெயின்ட் வெடிக்கும். கீறலைத் தடுக்க மெல்லிய, கடினமான படலமே போதும். அடியை வாங்கிக்கொள்ள வேண்டுமென்றால் தடிப்பும் மென்மையும் வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதால்தான் பலர் தவறான லைனரை வாங்குகிறார்கள்.

எல்லாத் தொட்டியும் எஃகு இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஃபோர்டு எஃப்-150 வண்டி 2015 மாடலிலிருந்து அலுமினிய உடலோடு வருகிறது. டொயோட்டா டகோமாவின் 2005ஆம் ஆண்டுத் தலைமுறை, இழை கலந்த கூட்டுப்பொருளால் ஆன தொட்டியோடு வந்தது. அலுமினியம் இரும்பைப் போலச் செந்துரு பிடிக்காது. ஆனால் அடி வாங்கினால் அது நடந்துகொள்ளும் விதம் வேறு. 2016இல் செவர்லே நிறுவனம் ஒரு விளம்பரம் எடுத்தது. லைனர் எதுவும் இல்லாத இரண்டு தொட்டிகளில், ஒன்று தன் எஃகுத் தொட்டி, மற்றது எஃப்-150இன் அலுமினியத் தொட்டி, 55 கட்டுமானக் கற்களை ஒரே தடவையில் கொட்டியது. கற்களின் மொத்த எடை ஏறத்தாழ 375 கிலோ. எஃகில் பள்ளங்கள் விழுந்தன, அலுமினியத்தில் ஓட்டைகளும் விழுந்தன. போட்டி நிறுவனம் எடுத்த விளம்பரம் என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும். ஆனாலும் லைனர் இல்லாத தொட்டியில் கல் கொட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிடத் தெளிவான காட்சி கிடைக்காது. கூட்டுப்பொருள் தொட்டி வைத்திருப்பவருக்குத் துருக் கவலையே இல்லை. அவருக்கு லைனர் தேவைப்பட்டால் அது சரக்கு வழுக்காமல் இருக்கத்தான்.

தூக்கி வைக்கும் பிளாஸ்டிக் லைனர்

நான் வாங்கிய வண்டியில் இருந்தது இந்த வகை. கெட்டியான பாலிஎத்திலீன் தகட்டைச் சூடாக்கி, அந்த மாடல் தொட்டியின் வடிவத்துக்கே அச்சில் வார்த்திருப்பார்கள். தரை, பக்கச் சுவர், சக்கரத்துக்கு மேலே தொட்டிக்குள் புடைத்து நிற்கும் வீல் ஆர்ச் எல்லாம் சேர்ந்து ஒரே துண்டாகவோ சில துண்டுகளாகவோ வரும். தொட்டிக்குள் இறக்கி, ஸ்குரூவாலோ கிளிப்பாலோ பிடித்துவிட்டால் வேலை முடிந்தது. தொட்டியின் மேல் விளிம்பையும் மூடிக்கொள்கிற மாதிரி ஒன்று, விளிம்புக்குக் கீழேயே நின்றுவிடுகிற மாதிரி ஒன்று, இரண்டும் உண்டு. மேலே மூடி போடப்போகிறீர்கள் என்றால் இரண்டாவது தான் ஒத்துவரும்.

மேல்பக்கத்தை மட்டும் பார்த்தால் இது நல்ல பொருள். அடியை வாங்கும், ரசாயனத்துக்கு அசையாது, ஜல்லி கொட்டினாலும் கவலையில்லை. பக்கச் சுவரில் மோதும் சரக்கை இது தாங்குவது போல வேறெதுவும் தாங்காது. பிளாஸ்டிக்குக்கும் தகட்டுக்கும் நடுவே இருக்கிற சிறு இடைவெளி அடியைப் பாதியிலேயே விழுங்கிவிடும்.

ஆனால் அதே இடைவெளிதான் அடிப்பக்கத்தின் வினையும். பிளாஸ்டிக், வெப்பத்தில் எஃகைவிடப் பல மடங்கு அதிகமாக நீளும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டிகிரி சூடு ஏறினால் பாலிஎத்திலீன் மீட்டருக்குச் சுமார் 0.15 மி.மீ. நீள்கிறது. தொட்டி 1.8 மீட்டர் நீளம். அதிகாலைக் குளிருக்கும் உச்சி வெயிலில் கொதிக்கும் கறுப்பு லைனருக்கும் 40 டிகிரி வித்தியாசம் என்று வைத்தால், லைனர் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளும். கீழே இருக்கும் எஃகு ஒரு மில்லிமீட்டர்கூட நீளாது. அதாவது வண்டி நின்றுகொண்டிருந்தாலும் லைனர் தினமும் தொட்டியின் மேல் நகர்கிறது. ஓடும்போது ஏற்படுகிற அதிர்வு தனி. நடுவில் மணல் புகுந்துவிட்டால் உப்புத்தாளை வைத்துத் தேய்ப்பதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை. என் வண்டியில் கோடு கோடாகத் தேய்ந்திருந்தது இப்படித்தான்.

எத்தனை நன்றாகப் பொருந்தினாலும் மழைத் தண்ணீர் விளிம்பு வழியாக உள்ளே இறங்கும். வெயில் படாத, காற்றுப் போகாத இடம். காய நாளாகும். அதனால் இந்த வகைதான் வேண்டும் என்றால் ஆண்டுக்கு இரண்டு தடவையாவது கழற்றிக் கழுவ முடியுமா என்று முதலில் யோசியுங்கள். தொட்டியில் துளை போட்டு ஸ்குரூ ஏற்றுவதைவிட, சரக்கைக் கட்டுவதற்கான கொக்கிகளுக்கு ஏற்கெனவே இருக்கிற துளைகளில் பிடிக்கிற மாதிரி இருந்தால் அதை எடுங்கள். நீங்கள் போடும் ஒவ்வொரு துளையும் துரு நுழைவதற்கான வாசல். துருவுக்காக வண்டி நிறுவனம் கொடுத்திருக்கும் வாரண்டிக்கு அதனால் பாதிப்பு வருமா என்பதையும் கையேட்டில் படித்துவிடுவது நல்லது. அலுமினியத் தொட்டியில் எஃகு ஸ்குரூ போட்டால், இரண்டு உலோகங்களும் ஈரத்தில் சேரும்போது அலுமினியம்தான் அரிக்கும்.

அப்புறம் வழுக்கல். இந்தப் பிளாஸ்டிக் இயல்பிலேயே வழவழப்பானது. பிரேக் அடித்தால் கட்டாத பெட்டி தொட்டியின் முன்சுவர் வரைக்கும் ஓடிவிடும். கடையில் மாதிரித் துண்டு கிடைத்தால் அதன் மேல் ஒரு செங்கல்லை வைத்து மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். பக்கத்தில் ரப்பர் துண்டு ஒன்றையும் அதே மாதிரிச் சாய்த்துப் பாருங்கள். ரப்பரின் மேல் செங்கல் நின்றுகொண்டிருக்கும்போதே பிளாஸ்டிக்கின் மேல் இருந்தது கீழே வந்துவிடும். சிலருக்கு இந்த வழுக்கலே வேண்டியிருக்கும். நாள் முழுக்க ப்ளைவுட் பலகைகளை உள்ளே தள்ளி வெளியே இழுக்கிற தச்சருக்குச் சொரசொரப்பான தரை இடுப்பை உடைக்கும். அவருக்கு நான் பிளாஸ்டிக்கைத்தான் சொல்வேன்.

பெட்ரோல் கேன் விஷயம்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், உயிர் சம்பந்தப்பட்டது. பிளாஸ்டிக் லைனர் போட்ட தொட்டியில் கேனை வைத்தபடியே பெட்ரோல் நிரப்பாதீர்கள்.

காரணம் எளிது. பெட்ரோல் குழாய் வழியாகப் பாயும்போது நிலைமின்சாரம் உண்டாகும். கேன் தரையில் இருந்தால் அந்த மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும். பிளாஸ்டிக்கின் மேல் இருந்தால் இறங்க வழியில்லாமல் கேனிலேயே சேரும். பம்பின் முனை கேனின் வாய்க்கு அருகே வரும்போது ஒரு பொறி. அந்த இடத்தில்தான் பெட்ரோல் ஆவியும் நிறைந்திருக்கும். இப்படி நடந்த தீவிபத்துகளை ஆராய்ந்து, அமெரிக்க அரசின் தொழில்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1998இல் எச்சரிக்கை வெளியிட்டது. உலோகக் கேன் என்றால் ஆபத்து இன்னும் கூடுதல், பிளாஸ்டிக் கேன் என்றாலும் ஆபத்து உண்டு. விரிப்பு போட்ட காரின் டிக்கிக்கும் இதே விதிதான். கேனை இறக்கித் தரையில் வையுங்கள், பம்பின் முனை கேனின் வாயைத் தொட்டபடியே இருக்கட்டும், நிரப்பி மூடிவிட்டுத் திரும்ப ஏற்றுங்கள்.

தெளித்துப் பூசும் லைனர்

இப்போது பலரும் விரும்பிப் போடுவது இது. தொட்டியைச் சொரசொரப்பாகத் தேய்த்து, இரண்டு திரவங்களைச் சூடாக்கிக் கலந்து தெளிப்பார்கள். ஒன்றில் ஐசோசயனேட் என்ற ரசாயனம், மற்றதில் பிசின். தகட்டின் மேல் விழுந்ததும் இரண்டும் சேர்ந்து இறுகி, தகட்டோடு ஒட்டிய ரப்பர் தோல் மாதிரி ஆகிவிடும். அமெரிக்காவில் 1988இல் தொடங்கிய ரைனோ லைனிங்ஸ், 1993இல் தொடங்கிய லைன்-எக்ஸ் இரண்டும் இதில் பிரபலமான பெயர்கள். தரையில் சுமார் 3 மி.மீ. கனம் வருகிற மாதிரி அடிப்பது வழக்கம். முன்னே சொன்ன பெயின்ட் கனத்தோடு ஒப்பிட்டால் இருபது மடங்குக்கும் மேல்.

இதன் அடிப்பக்கம் என்று ஒன்றே இல்லை. அதுதான் இதன் பெரிய பலம். சரியாக ஒட்டியிருந்தால் தண்ணீர் புக இடமில்லை, மண் புக இடமில்லை, உரசவும் ஒன்றுமில்லை. மேல்பக்கம் சொரசொரப்பாக இருப்பதால் சரக்கும் அவ்வளவாக நகராது. தொட்டியின் கடகட சத்தமும் குறைந்துவிடும்.

இந்தப் பூச்சில் இரண்டு வகை உண்டு. "பாலியூரித்தேனா, பாலியூரியாவா?" என்று கடையில் கேட்பார்கள், அல்லது நீங்களே எங்காவது படித்துவிட்டுக் குழம்பியிருப்பீர்கள். பாலியூரியா தெளித்த சில விநாடிகளிலேயே இறுகிவிடும், காற்றிலுள்ள ஈரத்தைப் பற்றி அதிகம் கவலைப்படாது, பொதுவாகக் கடினமாக இருக்கும். பாலியூரித்தேன் கொஞ்சம் நிதானமாக இறுகும், மென்மையாகவும் செய்யலாம், மென்மையானது சரக்கை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். இரண்டையும் கலந்த வகைகளும் நிறைய. என்னைக் கேட்டால் இந்தப் பெயர்களுக்காக அதிகம் அலைய வேண்டாம். யார் தெளிக்கிறார், தெளிப்பதற்கு முன் என்ன செய்கிறார் என்பதுதான் முக்கியம்.

ஏனென்றால் இந்த லைனர் உரிந்து வருகிற கதை எல்லாமே தேய்ப்பில்தான் தொடங்குகிறது. கிளியர் கோட்டின் பளபளப்பு முழுவதும் போகும்வரை தேய்க்க வேண்டும். மூலை, மடிப்பு, கொக்கியின் அடிப்புறம் எல்லா இடத்திலும் கை போக வேண்டும். மெழுகோ எண்ணெய்ப் பிசுக்கோ ஒரு இடத்தில் இருந்தாலும் அங்கே பூச்சு ஒட்டாது. முதலில் தெரியாது. ஒரு வருடம் கழித்து விளிம்பில் நகக்கண் அளவுக்குத் தூக்கும், அதில் தண்ணீர் போகும், பிறகு கையால் இழுத்தாலே பட்டையாக வரும். அப்போது அதற்கும் அடிப்பக்கம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

எனவே வண்டியை விடுவதற்கு முன் அங்கே வேறொரு வண்டிக்கு வேலை நடப்பதைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கொக்கிகளையும் போல்ட்டுகளையும் கழற்றிவிட்டுத் தேய்க்கிறார்களா, அப்படியே மேலே தெளிக்கிறார்களா? கழற்றாமல் தெளித்தால் பின்னால் கொக்கியை மாற்றும்போது பூச்சைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். வடிகால் துளைகளை அடைத்துத் தெளித்துவிட்டுத் திறந்து கொடுக்கிறார்களா? இதைக் கேட்க மறந்தால் துளையே காணாமல் போய்விடும், தொட்டி குளமாகும். டெயில் கேட்டின் (தொட்டியின் பின்கதவு) உள்பக்கமும் மேல் விளிம்பும் சேருமா என்பதையும் பேசிக்கொள்ளுங்கள், சரக்கு ஏற்றும்போது முதலில் அடி வாங்குவது அந்த விளிம்புதான். தரையில் எத்தனை மில்லிமீட்டர், சுவரில் எத்தனை என்று எண்ணாகவே கேளுங்கள்.

வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தப் பூச்சுகளில் பெரும்பாலானவை வெயிலில் நாளடைவில் கறுப்பிலிருந்து சாம்பல் நிறத்துக்கு வெளுக்கும், மேலே சுண்ணாம்பு மாதிரித் தூள் படியும். பலம் அதனால் உடனே குறைந்துவிடாது, பார்க்கத்தான் நன்றாக இருக்காது. வெயிலைத் தாங்கும் மேற்பூச்சு ஒன்று தனியாக உண்டு. வண்டியின் நிறத்திலேயே லைனர் வேண்டும் என்கிறவர்கள் அந்த மேற்பூச்சு இல்லாமல் போடவே கூடாது.

இரண்டு குறைகள். ஒன்று, இதைத் திரும்ப எடுக்க முடியாது. பிடிக்கவில்லை என்றால் அரைத்துச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். இரண்டு, இது கீறலைத் தடுக்கும், ஆனால் தகட்டோடு ஒட்டியிருப்பதால் கனமான அடியை முழுவதும் விழுங்காது. என்ஜின் பிளாக் ஒன்றைக் கைதவறிப் போட்டால் பூச்சு கிழியாமல் இருக்கலாம், அடியில் தகடு பள்ளமாகிவிடும்.

பழைய வண்டி வாங்கும்போதும் இதை நினைவில் வையுங்கள். துருப்பிடித்த தொட்டியின் மேல் அப்படியே தெளித்து மறைத்துவிட முடியும். புதிதாகப் பூசிய லைனரைப் பார்த்தால் வண்டிக்கு அடியில் குனிந்து, தொட்டியின் கீழ்ப்புறத்தை டார்ச் அடித்துப் பாருங்கள்.

வீட்டிலேயே ரோலரால் பூசுவது

டப்பாவில் வரும் ஒற்றைத் திரவப் பூச்சு, உள்ளே ரப்பர் துகள்கள் கலந்திருக்கும். பெயின்ட் மாதிரி ரோலரால் இரண்டு கை அடிக்கலாம். செலவு குறைவு, பொறுமை இருந்தால் நன்றாகவும் வரும். ஆனால் இதைத் தெளிப்பு லைனரோடு சமமாக நினைக்கக் கூடாது. ஏன் என்பதற்கும் ஒரு சிறு கணக்கு இருக்கிறது. தொட்டியின் தரையும் சுவர்களும் சேர்ந்து சுமார் 6 சதுர மீட்டர் என்று வையுங்கள். 4 லிட்டர் டப்பா ஒன்றை முழுவதும் பூசினாலும் ஈரமாக இருக்கும்போது கனம் முக்கால் மில்லிமீட்டரைத் தொடாது. கரைப்பான் ஆவியான பிறகு இன்னும் மெலியும். 3 மி.மீ. எங்கே, இது எங்கே. கீறலைத் தடுக்கும், வழுக்கலைக் குறைக்கும், கனமான அடிக்கு நிற்காது.

பூசுகிற பகுதி இதில் சுலபம். தேய்ப்பதும் துடைப்பதும்தான் நாளை விழுங்கும். நான் என் தொட்டியை 80ஆம் நம்பர் உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்து, மூலைகளுக்கு விரலாலேயே தேய்த்து முடிக்க இரண்டு நாள் ஆனது. விரலால் தடவினால் எங்கும் வழவழப்புத் தட்டக் கூடாது. தூசியைத் துடைத்து, டப்பாவில் சொல்லியிருக்கும் கரைப்பானால் கழுவி, வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். துணி அழுக்காகாமல் வந்த பிறகுதான் டப்பாவைத் திறந்தேன். காற்றின் ஈரத்தால் இறுகுகிற பொருள் என்பதால் திறந்த டப்பாவை அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், கல்லாகிவிடும். தோலில் பட்டால் நாள்கணக்கில் போகாது, கையுறை கட்டாயம். முதல் கைக்கும் இரண்டாம் கைக்கும் நடுவே எத்தனை மணி நேரம், எத்தனை நாள் கழித்துச் சரக்கு ஏற்றலாம் என்று டப்பாவில் போட்டிருப்பார்கள். அந்த நாள்களில் ஒன்றைக்கூடக் குறைக்காதீர்கள்.

ரோலர் வேலையைக் காற்றோட்டமான வெளியிடத்தில், கரைப்பான் ஆவிக்கு ஏற்ற மாஸ்க்கோடு செய்யலாம். இரண்டு திரவங்களைக் கலந்து துப்பாக்கியால் தெளிக்கும் வேலையை மட்டும் வீட்டில் முயல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தெளிக்கும்போது ஐசோசயனேட் பனிமூட்டமாகக் காற்றில் நிற்கும். அதைச் சுவாசித்து உடல் ஒருமுறை ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவு பட்டாலும் கடுமையான ஆஸ்துமா வரும். பிக்கப் லைனர் தெளிக்கும் தொழிலாளர்களுக்கு இதனால் ஆஸ்துமாவும் மரணமும் நேர்வதைப் பற்றி நியோஷ் 2006இல் தனியாகவே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தூசிக்குப் போடும் துணி மாஸ்க் இதற்கு உதவாது. வெளியிலிருந்து குழாய் வழியாகச் சுத்தமான காற்று வரும் முகக்கவசம் வேண்டும். வேலை செய்யும் இடத்தில் தெளிப்பவர் அப்படி ஒன்றை அணிந்திருக்கிறாரா என்று பாருங்கள். அவர் உயிரைப் பார்த்துக்கொள்கிற இடம் உங்கள் வண்டியையும் பார்த்துக்கொள்ளும் என்பது என் அனுபவம்.

ரப்பர் பாயும் நுரை விரிப்பும்

ரப்பர் பாய்க்கு அதிகம் விளக்கம் தேவையில்லை. 6 முதல் 10 மி.மீ. கனமுள்ள ரப்பரைத் தொட்டியின் தரை அளவுக்கு வெட்டி விரிப்பது. அடியை வாங்குவதில் இதை மிஞ்சுவது கடினம், சரக்கைப் பிடித்துக்கொள்வதிலும் அப்படித்தான். முட்டி போட்டு ஏறுகிறவர்களுக்கும் இதமானது. சுவர்களுக்கு ஒன்றும் செய்யாது, அது குறை. எடையும் கொஞ்சம் உண்டு. 2 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், 9 மி.மீ. கனம் என்றால் 30 கிலோவைத் தாண்டும்.

இதன் அடியிலும் தண்ணீர் போகும். ஆனால் இதைச் சுருட்டி எடுக்கலாம், ஒரே ஆள் போதும், ஸ்குரூவும் வேண்டாம், கிளிப்பும் வேண்டாம். எதை எளிதாகத் தூக்க முடிகிறதோ அதன் அடியில்தான் மனிதன் பார்ப்பான். வாடகை வண்டி, ஒப்பந்தம் முடிந்து திருப்பிக் கொடுக்க வேண்டிய வண்டி என்றால் வேறெதையும் யோசிக்காமல் பாயை வாங்குங்கள். அடிப்புறத்தில் தண்ணீர் ஓடுவதற்கு வரிப்பள்ளங்கள் இருக்கிற பாயாகப் பார்த்து வாங்குங்கள்.

கம்பளம் மாதிரித் தெரியும் நுரை விரிப்பும் ஒன்று உண்டு. பிளாஸ்டிக் இழையும் மூடிய துளை நுரையும் என்பதால் தண்ணீரை உறிஞ்சாது. தொட்டிக்கு மேல் மூடி போட்டு, உள்ளே படுத்துத் தூங்குகிறவர்கள், இசைக்கருவியோ மரச்சாமானோ ஏற்றுகிறவர்களுக்கு அருமையானது. மண், ஜல்லி, சிமென்ட் ஏற்றுகிறவர்கள் பக்கத்திலேயே போக வேண்டாம். இழைக்குள் போன மணலை எடுத்து முடியாது.

அப்படியென்றால் எது?

வண்டி புதிது, பத்து வருடம் வைத்திருக்கப்போகிறீர்கள், எல்லா விதச் சரக்கும் ஏறும் என்றால், தெளிப்பு லைனரும் அதன் மேல் ரப்பர் பாயும். கேட்டவர்களுக்கெல்லாம் நான் சொல்லி வருவது இந்த ஜோடிதான். பூச்சு தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும், பாய் அடியை வாங்கிக்கொள்ளும். பூச்சால் முடியாததைப் பாயும், பாயால் முடியாததைப் பூச்சும் செய்கின்றன. இரண்டுக்கும் ஒரே சமயத்தில் பணம் இல்லை என்றால் முதலில் பாயை வாங்குங்கள். அதை எடுத்து எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தாலே தொட்டி நன்றாக இருக்கும். பூச்சைப் பிறகு போடலாம், அப்போதும் அந்தப் பாய் பயன்படும்.

தொட்டி ஏற்கெனவே நசுங்கிக் கீறியிருந்தாலும் ஓட்டை இல்லையென்றால், துருவை உலோகம் தெரியும்வரை சுரண்டி, துருத்தடுப்பு பிரைமர் அடித்து, அதன் மேல் ரோலர் பூச்சு. துருவின் மேல் எதையும் மூடிவிடாதீர்கள், பிளாஸ்டிக்கோ பூச்சோ எதுவானாலும். கண்ணுக்குத் தெரிகிற துருவை நிறுத்தலாம், மூடிவைத்த துரு தன் பாட்டுக்குத் தின்றுகொண்டிருக்கும்.

எதைப் போட்டாலும் போடுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். வெறும் தொட்டியில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு, அது எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது, எந்தத் துளை வழியாக இறங்குகிறது என்று பாருங்கள். வண்டி சமதரையில் நிற்கும்போது ஒருமுறை, முன்பக்கம் தாழ்ந்து நிற்கும்போது ஒருமுறை. தேங்குகிற இடத்தைச் சாக்கட்டியால் வட்டமிட்டுப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். லைனர் போட்ட பிறகும் அந்த இடங்களில்தான் பிரச்சினை வரும்.

என் வண்டியில் துருத் தின்ற மூலையை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தோம். பிரைமர், இரண்டு கை ரோலர் பூச்சு, மேலே ரப்பர் பாய். பழைய பிளாஸ்டிக் லைனரை வெட்டி, பக்கச் சுவர்ப் பகுதியை மட்டும் ஜல்லி ஏற்றும் நாள்களில் செருகிக்கொள்கிறேன். மழை ஓய்ந்த முதல் வெயில் நாளில் பாயைச் சுருட்டிச் சுவரில் சாய்த்துவிட்டு, தொட்டியை ஹோஸால் கழுவுவேன். பிறகு வண்டிக்கு அடியில் குனிந்து, துளைகளிலிருந்து தண்ணீர் சொட்டுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். போன தடவை இடது முன்மூலையில் சொட்டவில்லை. ஒரு கம்பியை விட்டு ஆட்டினேன், ஒரு கூழாங்கல்லும் கொஞ்சம் களிமண்ணும் வந்து விழுந்தன, பின்னாலேயே தண்ணீர் இறங்கியது. தரை முழுவதும் காய்ந்த பிறகுதான் பாயைத் திரும்ப விரித்தேன்.